மேஸ்திரி உடுத்திய கருப்பு கவுன்

சன்னலை அளக்க ஒல்மேடோ மேஸ்திரிக்கு இரண்டு கைகள் போதும். இந்த ஓரத்தில் இடது கை, அந்த ஓரத்தில் வலது கை. பிறகு அந்த இடைவெளியை அப்படியே காற்றில் தூக்கிக்கொண்டு, கைகளை விரற்கடை கூட அசைக்காமல் தன் வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். தெருவில் வழி விடச்சொல்லிக் கத்திக்கொண்டே போவார். பஸ்ஸிலும் ஏறுவார். "யாராவது என் பாக்கெட்ல கைய விட்டு டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்துக் குடுங்கப்பா. கையில சன்னல் இருக்குல்ல!" பஸ் முழுக்கச் சிரிக்கும். சன்னலுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கவேண்டும் என்பார் நடத்துனர். மேஸ்திரியின் கால்சட்டைப் பையில் மூன்று மீட்டர் டேப் ஒன்று வருஷக்கணக்காக இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர் மனைவி ஸோய்லா, அதுவும் துவைக்கும்போது.

வழியில் தெரிந்தவர் எதிர்ப்பட்டால்தான் தகராறு. ஒல்மேடோவுக்கு ஆளைக் கண்டால் கட்டிப்பிடிக்காமல் இருக்க முடியாது. கட்டிப்பிடித்து, முதுகில் நாலு தட்டு தட்டி, பிறகு கைகளை மறுபடி விரிப்பார். விரிந்த அளவுதான் சன்னல். குவாயாகில் நகரத்தின் உப்பங்கழி ஓரத் தெருக்களில் அவர் அடித்துக் கொடுத்த கிரில்களில் பாதி, வழியில் எதிர்ப்பட்ட ஆளின் பருமனைப் பொறுத்துக் கூடியோ குறைந்தோதான் நிற்கின்றன. யாராவது முறையிட்டால் பதில் தயாராக இருக்கும். "கிரில் சரியாத்தாம்மா இருக்கு. உங்க வீடுதான் கொஞ்சம் இளைச்சுப் போச்சு. நல்லா சாப்பிடச் சொல்லுங்க." முறையிட வந்தவளும் சிரித்துவிட்டுப் போவாள். இடைவெளி வழியாகப் பூனையும் போகும்.

கறிக்கடைக்காரர் வீட்டு இரும்புக் கேட்டில் ஏழு பூக்கள் வைத்துக் கொடுத்தார். அவை பூக்கள் அல்ல, தன் மூக்கு என்று கறிக்கடைக்காரரின் மனைவி கண்டுபிடிக்க ஆறு வருஷம் ஆயிற்று. அவள் கத்தியோடு பட்டறைக்கு வந்தாள். போகும்போது எட்டாவது மூக்குக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போனாள். அப்படிப்பட்ட வாய் அவருக்கு. ஊருக்கெல்லாம் கேட் போட்ட மனிதரின் சொந்த வாசலில் மட்டும் ஒரு துத்தநாகத் தகடு, கம்பியால் கட்டி நின்றது. "ஈஸ்டருக்குள்ள போட்டுடலாம் ஸோய்லா" என்பார். எந்த ஈஸ்டர் என்று அவரும் சொன்னதில்லை. முதல் பத்து வருஷத்துக்குப் பிறகு அவளும் கேட்டதில்லை.

போன நவம்பர் முப்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு ஒல்மேடோ இறந்துபோனார். பட்டறை ஸ்டூலில், முகத்தில் வெல்டிங் முகமூடியை இறக்கிவிட்டபடி, உட்கார்ந்தவாறே. அந்த நேரம் பார்த்து, கேட் தாமதமாகிறது என்று சண்டைபோட வந்த வாத்தியார் ஒருவர் இருபது நிமிஷம் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் அவரே எல்லாரிடமும் சொன்னார்: "இத்தனை வருஷத்துல மேஸ்திரி என் பேச்சை அவ்வளவு பொறுமையா கேட்டதே இல்லைங்க."

வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "என்ன ஜாலியான மனுஷன்! அவர் இருக்கிற இடத்துல சிரிப்புக்குப் பஞ்சமே இல்ல." ஸோய்லா தலையாட்டினாள். உண்மைதான். ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? சிரிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும்தான் பஞ்சம்.

ஒன்பது நாள் ஜெபத்துக்குப் படம் வைக்கவேண்டும். வீடு முழுக்கத் தேடியும், மனிதர் ஒழுங்காக முகத்தை வைத்துக்கொண்டிருக்கும் படம் ஒன்றுகூட அகப்படவில்லை. இருப்பதில் மரியாதையான படம், தலையில் சல்லடையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்பது. பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து, சல்லடைக்கு முன்னால் மண்டியிட்டுத் தெருவே ஒன்பது நாள் செபமாலை சொல்லியது.

இதெல்லாம் ஸோய்லாவுக்குப் பழக்கம்தான். அவளால் தாங்கமுடியாமல் போனது வேறொன்று. அதைச் சொல்ல நாற்பத்தொரு வருஷம் பின்னால் போகவேண்டும்.

அந்த நவம்பரில் ஸோய்லாவின் அம்மா இறந்தாள். ஸோய்லாவுக்குச் சிறு வயதிலிருந்தே மீன் செதிலைத் தொட்டால் உடம்பு கூசும். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அம்மாதான் மூன்று தெரு தாண்டி வந்து மீன் ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போவாள். அப்படிப்பட்ட அம்மா போய்விட்டாள். ஸோய்லா அழுதாள். அவள் அழுகைக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் "ஐ" என்று உச்சியில் ஒரு இழுப்பு. அது அறுந்து, மூன்று விக்கல். பிறகு வலது கையால் தொடையில் ஒரு அறை. அதற்குப் பின்னால்தான் சொல் வரும்: "யாரு எனக்கு இனிமே மீன் ஆஞ்சு குடுப்பா!"

ஒல்மேடோ பக்கத்திலேயே நின்று, கண்ணெடுக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு கவனம். 'என் துக்கத்தில் இந்த மனிதர் எப்படிக் கரைகிறார்' என்று ஸோய்லா நினைத்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் கணவன்மேல் அவளுக்கு வந்த பெரிய பிரியம் அன்றைக்கு வந்ததுதான். அதன் ஆயுள் ஐந்து வாரம்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி அந்த ஊரில் பழைய வருஷம் ஒரு கிழவன். பழைய துணிக்குள் மரத்தூள் அடைத்து, காகிதக்கூழ் முகம் வைத்துப் பொம்மை செய்து, வாசலுக்கு வாசல் உட்கார்த்தி வைத்திருப்பார்கள். இரவு பன்னிரண்டுக்குக் கொளுத்திவிடுவார்கள். சாகப்போகிற கிழவனுக்கு விதவைகள் வேண்டாமா? தெருவின் ஆம்பிளைகளெல்லாம் அன்று விதவைகள். பெண்டாட்டியின் கவுனை மாட்டிக்கொண்டு, உதட்டுச்சாயம் பூசி, தெருவை மறித்துக் கயிறு பிடிப்பார்கள். வருகிற வண்டியை நிறுத்தி, கிழவன் போகிறானே என்று ஒப்பாரி வைத்தால், காரோட்டி சிரித்துவிட்டு ஒரு நாணயம் போடுவான். அழாத விதவைக்கு நாணயம் இல்லை.

அந்த வருஷம் ஸோய்லா உள்ளே இருந்தாள். அம்மா துக்கத்துக்குத் தைத்த கருப்பு கவுனைக் காலையில்தான் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். தெருவில் "ஐ" என்று ஒரு இழுப்பு கேட்டது. மூன்று விக்கல். ஒரு அறை. "யாரு எனக்கு இனிமே மீன் ஆஞ்சு குடுப்பா!" வெளியே வந்து பார்த்தாள். அவளுடைய கவுனுக்குள், மார்பில் இரண்டு தேங்காயோடு, ஒல்மேடோ. சிரிப்பை அடக்கமுடியாமல் தெரு தரையில் புரண்டுகொண்டிருந்தது. எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் என்ன செய்வாள்? சிரித்தாள்.

அதற்குப் பிறகு நாற்பது வருஷம் ஒரு டிசம்பர்கூடத் தப்பியதில்லை. அவர் அழுகையைக் கேட்க அடுத்த பேட்டையிலிருந்து வண்டிகள் சுற்றிக்கொண்டு வரும். காசை வாங்கிக் கடித்துப் பார்த்து, தேங்காய்களுக்கு நடுவே செருகிக்கொண்டு, கயிற்றைத் தாழ்த்திக் குனிந்து ஒரு வணக்கம் வைப்பார். பேரப்பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே அந்த மூன்று விக்கல் வந்துவிட்டது. கவுனுக்கு இடுப்பு மூன்று முறை கிழிந்து, மூன்று முறையும் ஸோய்லாவேதான் ஒட்டுப்போட்டாள். கிழிந்ததை ஒட்டுப்போடாமல் அவளால் இருக்க முடியாது.

ஆக, மேஸ்திரியை அடக்கம் செய்த நாளில் நடந்தது இதுதான். கல்லறைச் சுவரின் மூன்றாவது வரிசைப் பொந்தில் பெட்டியை நுழைத்து, கொத்தனார் பொந்தின் வாயைச் சிமெண்டால் பூசி மூடிக்கொண்டிருந்தார். ஸோய்லாவுக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பியது. "ஐ" என்று எழுந்தது. முதல் விக்கல் வந்தது. இரண்டாவது வருவதற்குள் பேத்தி பாவ்லினா வாயைப் பொத்திக்கொண்டு சுவருக்குப் பின்னால் ஓடினாள். மூத்த மகன் வாஷிங்டனின் தோள்கள் குலுங்கின. ஐம்பதை நெருங்குகிறவன் அப்பாவுக்காக எப்படி உடைந்துபோகிறான் என்று ஊர் இரக்கப்பட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா, அது எந்தக் குலுங்கல் என்று? பாதிரியார் அவசரமாக இரண்டு பக்கம் சேர்த்துப் புரட்டினார். ஸோய்லா மூன்றாவது விக்கலை விழுங்கினாள். தொடையில் அறையப் போன கையால் கவுனைச் சரிசெய்துகொண்டாள்.

அன்றைக்கு அடைத்ததுதான். ஒன்பது நாள் ஜெபத்திலும் ஒரு சொட்டு வரவில்லை. "பாறையாட்டம் உக்காந்திருக்கா பாரு" என்றாள் பக்கத்து வீட்டு மருஹா, செபமாலைக்கு நடுவில். விட்டது சனி என்று இருக்கிறாளோ என்றும் யாரோ சொன்னார்கள். மகள் நர்சிசா பயந்துபோனாள்.

"அம்மா, உள்ளேயே வச்சுக்காதம்மா. அழுதுடு."

"யாரு மாதிரி அழட்டும்?" என்றாள் ஸோய்லா.

அவள் முயற்சி செய்யாமல் இல்லை. துவைக்கிற கல்லண்டை போய், சத்தம் வெளியே போகாதபடி குழாயைத் திறந்துவிட்டு ஆரம்பித்துப் பார்த்தாள். "ஐ" என்றதுமே காதில் விழுந்தது அவள் குரல் இல்லை, அவர் குரல். தேங்காய்கள் கண்ணில் தெரிந்தன. அடக்கமுடியாமல் சிரித்தாள். சிரித்த வாயோடு நேரே சல்லடைப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"யோவ். போனதுதான் போன. என் அழுகைய எங்கய்யா வச்சுட்டுப் போன?"

படத்திலிருந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இந்த ஆளுக்காக, இந்தப் பயனற்ற, அருமையான ஆளுக்காக, ஒரு தடவை முறையாக அழவேண்டும். அது கிடைக்கவில்லை.

கருப்பில் அவளிடம் இருந்தது அந்த ஒரே கவுன்தான். மேஸ்திரியின் தோளுக்கு விரிந்து, மேஸ்திரியின் தொப்பைக்கு உப்பி, முழங்காலுக்கு மேலே வெல்டிங் பொறி பட்ட ஓட்டையோடு இருந்தது. அவள் போட்டால் இரண்டு ஸோய்லா புகலாம். புதிதாக ஒன்று வாங்கலாம் என்றாள் நர்சிசா. "உங்கப்பனுக்கு இது போதும்" என்று சொல்லி, கழுத்தண்டை இரண்டு ஊக்கு குத்திக்கொண்டாள்.

டிசம்பர் கடைசி வாரம் வாஷிங்டன் வந்து நின்றான். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பலின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்து ஒல்மேடோ வைத்த பெயர் அது. ஆள் கப்பல் மாதிரிதான் இருப்பான். தைரியம் மட்டும் தோணி அளவு. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினான். வெட்டுக்கிளிகள் இந்த வருஷம் அதிகம் என்றான். சூரை மீனும் மரவள்ளிக்கிழங்கும் போட்ட சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தான்.

"வந்த காரியத்தைச் சொல்லுடா."

"அதில்லம்மா. முப்பத்தொண்ணாம் தேதி வருது. தெருவுல எல்லாரும் கேக்குறாங்க. இந்த வருஷம் பொம்மையை அப்பா மாதிரியே செஞ்சு, முகமூடியெல்லாம் மாட்டி... நானே விதவையா நிக்கலாம்னு பாக்குறேன். விக்கலெல்லாம் பழகிட்டேன். அந்தக் கவுனு மட்டும்..."

"எந்தக் கவுனு?"

வாஷிங்டன் அப்போதுதான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். ஊக்கிலிருந்து ஓட்டைவரை பார்த்தான்.

"இருக்கிறது ஒண்ணுதான்" என்றாள் ஸோய்லா. "இந்த வருஷம் அதுக்குள்ள நான் இருக்கேன்."

பொம்மை கூடாது, கயிறு கூடாது, விதவை கூடாது என்று தீர்ப்பாயிற்று. இந்த வாசலில் ஒரு வருஷமாவது துக்கம் துக்கமாக இருக்கட்டும். வாஷிங்டன் தலையாட்டினான். மூன்றாவது கிண்ணம் சூப் அவனுக்கு இறங்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி மாலை நாலு மணிக்குக் கோயிலில் மேஸ்திரிக்கு ஒரு மாதப் பூசை. முடித்துக்கொண்டு ஸோய்லா தனியாக நடந்து வந்தாள். சமையலைப் பார்க்க நர்சிசா முன்னாலேயே போய்விட்டாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. வழியெல்லாம் வாசலுக்கு வாசல் கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வழியெல்லாம் கயிறு, வழியெல்லாம் விதவைகள். அவளைக் கண்டதும் கயிறுகள் தரையில் விழுந்தன. தாடி முளைத்த கன்னத்தில் ரோஜாச்சாயம் பூசிய தச்சன் ஒருவன் பொய்முடியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். பலூன் மார்பு வைத்த இரண்டு பேர் சிலுவைக் குறி போட்டார்கள். மெய்யான விதவை, பொய்யான விதவைகளுக்கு நடுவே தலையாட்டிக்கொண்டே நடந்தாள். ஒல்மேடோ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார் என்று தோன்றியது. அது அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

தன் தெரு முனைக்கு வந்தாள். பொம்மை இல்லை. கயிறு கூடாது என்றுதான் சொல்லியிருந்தாள். வாஷிங்டன் தன் கணக்கில் அதை மீறவில்லை. கயிற்றின் ஒரு நுனியை விளக்குக் கம்பத்தில் கட்டி, மறு நுனியை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நடுவில் கயிறு ரோட்டில் செத்துக் கிடந்தது. பாவ்லினாவும் மற்றப் பேரப்பிள்ளைகளும் சாவு வீட்டுக்கு இரண்டாம் முறை வந்தவர்கள் மாதிரி நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஸோய்லா ரோட்டைக் கடக்க இறங்கினாள். பாதி வந்தபோது வாஷிங்டன் அம்மாவைப் பார்த்து, பூசையிலிருந்து வருகிறாளே என்று மரியாதையாக எழுந்து நின்றான். கையில் இருந்த நுனியும் அவனோடு எழுந்தது. கயிறு ஸோய்லாவின் இடுப்பு உயரத்துக்குக் கிளம்பியது. அதே நேரம் முனையில் திரும்பிய தர்பூசணி வேன் ஒன்று கிறீச்சென்று நின்றது.

காரோட்டி வெளியூர்க்காரன். சன்னலை இறக்கி, கவுனின் தோளைப் பார்த்தான், தொப்பையைப் பார்த்தான், ஊக்கைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"அடேங்கப்பா! அண்ணே, பிரமாதம்ணே! காலைலேர்ந்து முப்பது விதவை பாத்துட்டேன், இப்படி ஒண்ணு பாக்கல. மீசைய எப்படி மழிச்சிருக்கீங்க, தொழில் சுத்தம்!"

"ஏய், அது எங்க அம்..." என்று வாஷிங்டன் பாய்ந்தான். ஸோய்லா கையைக் காட்டினாள். நின்றுவிட்டான்.

"சொல்லுங்கண்ணே, கிழவன் எப்படிச் செத்தான்?"

"உக்காந்தபடியே" என்றாள் ஸோய்லா. "வெல்டிங் முகமூடியப் போட்டுக்கிட்டு."

"குரல்கூட அச்சு அசலா! வேலை பாத்துக்கிட்டா?"

"வேலையா? அந்த ஆளா? வாசலுக்கு ஒரு கேட் போட அம்பது ஈஸ்டர் பத்தல."

காரோட்டி ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தான். பையிலிருந்து ஒரு டாலர் நாணயத்தை எடுத்துக் காட்டினான். "சும்மா குடுக்கமாட்டேன். அழுங்கண்ணே, அழுங்க!"

ஸோய்லா நாணயத்தைப் பார்த்தாள். ஒரு மாதமாக அழு அழு என்று கெஞ்சியவர்கள் எல்லாரும் அவளைத் தெரிந்தவர்கள். இவன் ஒருவன்தான் அவளை யார் என்று தெரியாமல் கேட்கிறான்.

"ஐ" என்று கிளம்பியது. முழுசாக, உச்சிவரை போனது. அறுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நடைபாதையில் பாவ்லினா பழக்க தோஷத்தில் சிரித்தாள். சிரித்த வாய் மூடாமல் அப்படியே நின்றது. ஸோய்லா இந்த முறை எதையும் விழுங்கவில்லை. கை தொடையில் அறைந்தது, ஓட்டையின் மேலேயே. அம்மா இல்லை, மீன் இல்லை. வேறு சொல் வந்தது.

"ஐயோ, என் கிழவா! என்னை மாதிரி அழ இனிமே யாருய்யா இருக்கா!"

காரோட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஸோய்லா அவன் சிரிப்புக்கு நடுவிலேயே அழுதாள், மூக்கிலும் கண்ணிலும் ஒழுக, கயிற்றில் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு, ஒரு மாதத்துக்கும் சேர்த்து. வலித்தது. அவ்வளவு நன்றாகவும் இருந்தது. தான் அழுவது அவரைப் போலவே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே இன்னும் அழுகை வந்தது. பின்னால் நின்ற வாஷிங்டனின் தோள்கள் குலுங்கின. இந்த முறை ஊர் நினைத்ததுதான் சரி.

"இந்த மாதிரி நடிப்புக்கு ஒரு டாலர் பத்தாது" என்று காரோட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான். நாணயத்தோடு ஒரு தர்பூசணியும் இறங்கியது. ஸோய்லா நாணயத்தை வாங்கினாள். கடித்துப் பார்த்தாள். கழுத்து ஊக்கைத் தளர்த்தி, தேங்காய்கள் இருக்கவேண்டிய இடத்தில் செருகிக்கொண்டாள். கயிற்றைத் தாழ்த்தி, குனிந்து ஒரு வணக்கம் வைத்தாள். வேன் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

நர்சிசா சமையல் கரண்டியோடு ஓடிவந்து, "அம்மா, போதும், உள்ள வாம்மா" என்று தோளைத் தொட்டாள். முனையில் ஒரு டாக்சி திரும்பிக்கொண்டிருந்தது. ஸோய்லா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். கீழே குனிந்து கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள்.